தொத்து வரிசை

அன்று காலை கொல்லையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது சுத்தம்தான்.

முந்தின வாரம் பார்த்தபோது அந்தக் கம்பங்கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளடித்துப்போன செடிகள் வரிசை வரிசையாக நின்றிருந்தன. இலைகளைத் திருப்பினால் அடியில் மாவு தூவியதுபோல வெள்ளைப் பூசணம். அந்த வரிசைகளுக்கு நடுவே, அப்போதுதான் முளைத்த பச்சைக் கன்றுகள்.

இப்போது மஞ்சள் வரிசை ஒன்றுகூட இல்லை. அவை நின்ற இடத்தில் மண்ணைக் கொத்திச் சமன் செய்திருந்தார்கள். பச்சைக் கன்றுகள் மட்டும் இடையிடையே அகலமான வெற்றிடம் விட்டு நின்றன.

டாக்டர் ரெஜினா வரப்பைத் தாண்டவில்லை. பயிர் இனப்பெருக்க விஞ்ஞானி. கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கையில் எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பம்புசெட் பக்கமிருந்து கொல்லையின் சொந்தக்காரர் தனகோட்டி, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்த முகம்.

"பாத்தீங்களா மேடம். எல்லாத்தையும் புடுங்கிட்டேன். வேரோட. ஒண்ணையும் உட்டு வெக்கல."

"எங்க போட்டீங்க?"

"கழுவெளி ஏரிக்குப் போற வாய்க்கால்ல. தண்ணி இழுத்துனு போயிடுச்சி."

ரெஜினா வரப்பில் உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கீழே கிடந்த ஒரு மஞ்சள் இலைத்துண்டை எடுத்துப் பார்த்தார். அது காய்ந்து சுருண்டிருந்தது.

"என்னிக்கிப் புடுங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நோயை வரவழைக்கும் தொழில்

பத்திரிகை வேலையை விட்டு வெளியே வந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேன். அதற்குப் பிறகு கிடைத்த வேலை விசித்திரமானது. ஒரு பயிர் ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தமிழில் துண்டறிக்கைகள் எழுத வேண்டும். விஞ்ஞானிகளோடு கொல்லை கொல்லையாகப் போக வேண்டும். விவசாயி என்ன கேட்கிறார், இவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். இருபது வருஷம் கலெக்டர் ஆபீசிலும் கோர்ட் வாசலிலும் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

திட்டம் கம்பு பற்றியது. கம்பில் இயல்பாகவே இரும்புச்சத்து உண்டு. அதை இன்னும் கூட்டி, கூடவே நோய்க்கும் உப்புக்கும் தாங்கும்படி ஒரு ரகத்தை உருவாக்க வேண்டும். கேட்பதற்கு ஒரே வரி. ரெஜினாவின் வேலைக் காலத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள் போயிருந்தது.

கம்பின் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய். இளம் கன்றைப் பிடித்தால் இலை வெளிறும், அடியில் வெள்ளை படரும். கதிர் வர வேண்டிய நேரத்தில் தானியத்துக்குப் பதிலாகப் பச்சை இலைக் கொத்து வரும். தூரத்தில் பார்த்தால் செழிப்பாகத் தெரியும். கிட்டே போனால் ஒரு பிடி கம்பு தேறாது. தனகோட்டி அதற்கு முந்தின வருஷம் போட்ட கம்பு முழுக்க அப்படித்தான் போயிற்று. "கதிரெல்லாம் தழையா நின்னுச்சி. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சி" என்று முதல் சந்திப்பில் சொன்னார். நிலத்தைச் சோதனைக்குத் தர அவர் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நோயைத் தாங்கும் செடி எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. நோய்க்கு நடுவில் அதை வளர்க்க வேண்டும்.

அதனால் முதலில், நோய் எளிதாகப் பிடிக்கும் பழைய ரகம் ஒன்றை விதைத்து, அதற்கு வேண்டுமென்றே நோயை வரவைப்பார்கள். எங்கள் குழு அதைத் தொத்து வரிசை என்று அழைத்தது. அது மஞ்சளானதும் நடுவில் புது ரகங்களை விதைப்பார்கள். புது ரகங்களுக்கு இடையில், அதே நோஞ்சான் ரகத்தை இரண்டு மூன்று இடத்தில் மறுபடி விதைப்பார்கள். அது சாட்சி வரிசை. சாட்சிக்கு நோய் வந்து, பக்கத்தில் இருக்கும் புது ரகத்துக்கு வரவில்லை என்றால் புது ரகம் தேறிவிட்டது. சாட்சிக்கே வரவில்லை என்றால் யாரும் தேறவுமில்லை, தோற்கவுமில்லை. அந்தப் பருவமே வீண்.

தனகோட்டி வேரோடு பிடுங்கி வாய்க்காலில் விட்டது தொத்து வரிசைகளை.

துருப்பிடித்த கோதுமை

ரெஜினா திண்டிவனத்துக்காரர். மேல்படிப்பை வடக்கே கோதுமை வயல்களில் முடித்தார். அங்கேயும் இதே முறைதான் என்று ஜீப்பில் வரும்போது சொல்லியிருக்கிறார். கோதுமைக்குத் துரு நோய். வயலுக்கு நடுவில் துருப்பிடித்த வரிசைகளை நட்டுவிட்டு, புது ரகங்களைச் சுற்றி வளர்ப்பார்கள்.

"உள்ள நடந்து வெளிய வந்தா பேன்ட் முழுக்க செங்கல் பொடி மாதிரி ஒட்டியிருக்கும் சார். ஹாஸ்டல்ல துவைக்கறவங்க, நீ படிக்கறியா, சூளையில வேலை செய்யறியான்னு கேப்பாங்க."

உலகத்தில் மூன்றில் ஒருவருக்குக் கோதுமைதான் சோறு என்பது நமக்கு எளிதில் உறைப்பதில்லை. இங்கே அது ரேஷன் கடையில் மூட்டையாக வருவது, விருந்தாளி வந்தால் பூரியாவது. வடக்கேயும் அதற்கு அப்பாலுள்ள ஏழை நாடுகளிலும் மூன்று வேளையும் அதுதான். வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டிய துத்தநாகமும் இரும்பும் அதில் போதவில்லை. அதனால் நோயையும் தாங்க வேண்டும், சத்தும் கூட வேண்டும் என்று கோதுமையில் வேலை நடக்கிறது. ரெஜினா கற்றுக்கொண்ட பாடம் அது. ஊருக்குத் திரும்பியபோது பயிரை மட்டும் மாற்றிக்கொண்டார்.

தனகோட்டியின் ஊர் இருக்கும் மரக்காணம் பக்கம் ஏன் வந்தார் என்று கேட்டேன். உப்பளத்தை ஒட்டிய கொல்லைகளில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும். நெல் அங்கே முகம் சுளிக்கும், கம்பு பொறுத்துக்கொள்ளும். இன்னொரு காரணத்தையும் சொன்னார். இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்கள் வரிசையில் நின்றால், பாதிப் பேர் சீட்டில் ரத்தம் கம்மி என்று எழுதியிருக்கும்.

தனகோட்டி சீட்டிலும் எழுதியிருந்தது. "இந்தக் கம்பு சாப்ட்டா மாத்திரய உட்டுடலாமா?" என்று அவர் கேட்டபோது ரெஜினா உடனே மறுத்தார்.

"உடக்கூடாது. மாத்திரை மாத்திரைதான். இது நீங்க தெனம் சாப்பிடற சாப்பாடு. அது கொஞ்சம் நல்ல சாப்பாடா இருக்கட்டும்னு பாக்கறோம். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொல்லக்கூடிய விஞ்ஞானியை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். ரெஜினா வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். தனகோட்டிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரியத் தொடங்குகிறது.

"நோயி வந்த செடிய உடனே புடுங்கிடணும்னு நீங்கதான மேடம் மீட்டிங்ல சொன்னீங்க. சார் குடுத்த பேப்பர்லயும் அதான போட்டிருக்குது."

உண்மைதான். நம் நாட்டில் அச்சாகும் எல்லா விவசாயத் துண்டறிக்கையிலும் இருக்கும் வரி அது.

"இந்த வரிசை இருக்கட்டும், டெஸ்ட்டுக்குன்னு தனியா சொன்னேனேம்மா" என்றார் ரெஜினா.

"சொன்னீங்க. போன வாரம் வந்து டெஸ்ட் பண்ணீங்களே. இலைய திருப்பிப் பாத்தீங்க, போட்டோ எடுத்தீங்க, எழுதினீங்க. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தப்புறம் நம்மள போன்னு சொல்லிடறாங்க இல்ல? அந்த மாதிரின்னு நெனச்சேன்."

ரெஜினா கையிலிருந்த இலைத்துண்டைக் கீழே போட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது மெதுவாக வெளியே வந்தது. அவருடைய மகள் கலைவாணியைப் பெண் பார்க்க, கீழ்புத்துப்பட்டிலிருந்து முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள்தான் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். மகள் ஆரோவில் பக்கம் ஊதுவத்தி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். கொல்லை ரோட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு வருகிற யாரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல கொல்லயதாம்மா பாப்பாங்க. இவ்ளோ வியாதிய நட்டு வெச்சினு, எங்க பொண்ண கட்டிக்கங்கன்னு எப்படி சொல்றது?"

பக்கத்துக் கொல்லைக்காரர் கன்னியப்பனும் சும்மா இருக்கவில்லை. அவர் போட்டிருந்தது நிலக்கடலை. அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கம்பின் நோய் கடலைக்கு வராது என்று ரெஜினா அவரிடம் பலமுறை சொல்லியிருந்தார். பயம் போயிருந்தது, கேலி போகவில்லை. அது உப்பளத்தில் வேலை ஓய்கிற மழைக்காலத் தொடக்கம் வேறு. டீக்கடையில் ஆட்களுக்குக் குறைவில்லை.

"ஏம்மா தனகோட்டி, கொல்லிக்குக் காமாலயா? கீழாநெல்லி அரைச்சி ஊத்திப் பாரேன்" என்பாராம் தினமும்.

நோய் பிடித்த செடியைப் பார்த்தும் பிடுங்காமல் போகிறவரை அந்த ஊரில் சோம்பேறி என்பார்கள். தனகோட்டி சோம்பேறி இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் தன்னைத் தடுத்துக்கொண்டிருந்ததுதான் ஆச்சரியம் என்று இப்போது தோன்றுகிறது.

"வந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"மாப்பிள அப்பாரு கொல்லிய பாத்துட்டு, ஏன் நடுவுல நடுவுல இவ்ளோ பெரிய வழி உட்டு வெதச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. காத்து போறதுக்குன்னு சொல்லிட்டேன்."

ரெஜினா சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஈரம் இருந்ததா

திரும்ப விதைக்க முடியாது. பருவம் தாண்டிவிட்டது. பெருமழை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். திட்டத்துக்கும் அதுதான் கடைசிப் பருவம். அதற்கு முந்தின சோதனை வேறு ஊரில் வெள்ளத்தில் போயிருந்தது. இங்கேயும் முடிவு கிடைக்காவிட்டால், ரெஜினா நம்பியிருந்த ரகம் அடுத்த கட்டத்துக்குப் போகாது. விதை ஒரு பொட்டலமாகக் குளிர் அறைக்குப் போகும். அங்கே போன பொட்டலங்கள் எல்லாம் திரும்பி வந்ததில்லை.

"இந்த வருஷம் நோய் வரலைன்னா எல்லாச் செடியும் நல்லாத்தான் இருக்கும் சார். எல்லாம் நல்லா இருந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது."

ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. இந்த நோயின் வித்து, இரவின் ஈரத்தில் இலையடியில் உண்டாகி விடியற்காலையில் பரவும். கன்றுகள் முளைத்ததற்கும் தனகோட்டி பிடுங்கியதற்கும் நடுவில் சில இரவுகள் இருந்தன. அந்த இரவுகளில் ஈரம் போதுமான அளவு இருந்திருந்தால், தொத்து வரிசை தன் வேலையை முடித்த பிறகுதான் வாய்க்காலுக்குப் போயிருக்கும்.

"அந்த நாளுங்கள்ல காலையில பனி இருந்துதாம்மா?"

தனகோட்டி யோசித்தார். அவசரமாக ஆறுதல் சொல்லவில்லை.

"மொத ரெண்டு நாளு இல்ல. அப்புறம் இருந்துது. புடுங்கின அன்னிக்கி முட்டி வரைக்கும் புடவ நனஞ்சிடுச்சி."

ரெஜினா அதை எழுதிக்கொண்டார். பிறகு சாட்சி வரிசை எது எது என்று தனகோட்டிக்குக் காட்டி, அது எதற்கு என்று முதலிலிருந்து சொன்னார். இந்த முறை தனகோட்டி இடைமறித்து இடைமறித்துக் கேட்டார். கடைசியில், "அப்டின்னா இதுக்கு வியாதி வரணும்னு வேண்டிக்கணுமா?" என்றார்.

"ஆமா."

"எந்தச் சாமிகிட்ட கேக்கறது இத?"

நல்லா இருக்குதே என்று அழுதவர்

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. தினமும் காலையில் தனகோட்டியின் போன் வரும். ரெஜினா ஸ்பீக்கரில் போடுவார்.

"மேடம், இன்னிக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று துக்க வீட்டுக் குரலில் சொல்வார் தனகோட்டி.

ஒருநாள் பின்னணியில் அவர் கணவர் ஏழுமலை பேசியது கேட்டது. உப்பளத்துக்காரர். பாத்திகளில் மழைத் தண்ணீர் ஏறி, உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு வீட்டில் இருந்தவர். "கொல்லி நல்லா இருக்குதுன்னு அழுவற ஒரே பொம்பள இந்த தாலூக்காவுல நீதான்."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவரை அதட்டிவிட்டு, "மேடம், ஒரு இலை லேசா வெளுத்தாப்ல இருக்குது. ஆனா அது பூச்சி கடிச்சதுன்னு நெனைக்கறேன்" என்றார். பூச்சிதான்.

தினமும் சாட்சி வரிசையின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க அவர் விடியும் முன்பே இறங்கிவிடுகிறார் என்று ஏழுமலை சொன்னார். வெயில் ஏறினால் வெள்ளை காய்ந்து மறைந்துவிடும் என்று ரெஜினா சொல்லியிருந்தது அவர் மனதில் நின்றுவிட்டது.

பிறகு ஒரு காலை, போன் வழக்கத்துக்கு முன்பே வந்தது.

"மேடம், வந்துடுச்சி."

வெள்ளை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கழுவெளி ஏரிக்கு மேலே ஒரு ஆள் உயரம் ஏறியிருந்தது. உப்பும் சேறும் கலந்த வாடை. தனகோட்டி சாட்சி வரிசைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். வெயில் படாமல் ஒரு செடிக்குக் குடை.

ரெஜினா மண்டி போட்டு இலையைத் திருப்பினார். வெளிறிய கீற்று அடியிலிருந்து கிளம்பி மேலே போயிருந்தது. அதன் பின்பக்கம் மெல்லிய வெள்ளை. விரல் வைத்தால் போய்விடும் போலிருந்தது. அவர் விரல் வைக்கவில்லை. லென்ஸில் நெடுநேரம் பார்த்தார்.

"அதுதானா?" என்றார் தனகோட்டி.

"அதுதான்."

சாட்சி வரிசையில் ஒன்றல்ல, பல செடிகள். கொல்லையின் மறுகோடியில் இருந்த சாட்சியிலும் இருந்தது. நோய் கொல்லை முழுக்க நடந்து போயிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம்.

பிறகுதான் ரெஜினா தன் ரகத்தின் பக்கம் திரும்பினார். சாட்சிக்கு அடுத்த வரிசை அது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. முதல் செடியில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனார். நானும் தனகோட்டியும் பின்னால் நடந்தோம். வரிசையின் முடிவுக்குப் போய் எழுந்து நின்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுலயும் இல்ல" என்றார். உடனே, "இன்னும் கதிர் வரணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கதிர் வந்தது. சாட்சியில் தழைக் கொத்து. பக்கத்து வரிசையில் விரல் தடிமனுக்குச் சாம்பல் பச்சைக் கதிர்கள், நுனி வரை மணி. நடுவில் அடித்த மழையில் சில செடிகள் சாய்ந்தன. சோதனைக்குப் போட்ட மற்ற ரகங்கள் சில நோயில் விழுந்தன, ஒன்று உப்பில் கருகியது. இந்த ரகம் எல்லாவற்றையும் முழுசாகக் கடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகசூலில் இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் நின்றது.

தானியத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை எனக்குப் பிடித்திருந்தது. இரும்புச்சத்தை அளக்கப்போகும் மணியில் வேறு இரும்போ மண்ணோ படக்கூடாது. கதிரைத் தரையில் போடாமல் வெள்ளைத் துணியில் பரப்பி, மரக்கட்டையால் தட்டினார்கள். தனகோட்டி கையிலிருந்த இரும்புக் காப்பைத் தானாகவே கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முடிவு வர நெடுநாள் ஆயிற்று. எதிர்பார்த்த அளவுக்குச் சத்து இருந்தது. ரகம் அடுத்த கட்டத்துக்கு, பல ஊர்ச் சோதனைக்குப் போனது. அந்தச் செய்தியைப் போனில் சொன்னபோது ரெஜினாவின் குரலில் பெரிய மாற்றமில்லை. ஆனால் போனை வைத்த சிறிது நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, அதையே திரும்ப ஒருமுறை சொன்னார்.

ஒரு வரிசை

சில பருவங்கள் கழித்து, விதை ஊருக்குத் திரும்பி வந்தது. தனகோட்டி கொல்லை முழுவதும் அதையே போடுவதாகச் சொன்னார். விதைப்பு நாளன்று நானும் போயிருந்தேன். கலைவாணி கீழ்புத்துப்பட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இப்போது பரிசோதனை கிடையாது, தொத்து வரிசையும் கிடையாது. வெறும் விவசாயம்.

தனகோட்டி பையை வாங்கிக்கொண்டு நின்றார். ஏதோ கேட்கத் தயங்கினார்.

"மேடம், அந்த வியாதிக்கார வெத கொஞ்சம் இருக்குமா?"

"எதுக்கும்மா? கெடைச்சாலும் இப்ப போடக்கூடாது. பக்கத்து ஊருல கம்பு போட்டிருக்காங்க, அங்க பரவிடும்."

தனகோட்டிக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ரோட்டைப் பார்த்தார். கன்னியப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டோரமா ஒரே ஒரு வரிச போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம். அது பக்கத்துல நின்னு தழையா போனாத்தான் இது கதிரா நிக்கறது ஊருக்குத் தெரியும். இல்லன்னா, உனக்கு மழ நல்லா பேஞ்சிதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

ரெஜினா பதில் சொல்வதற்குள் கன்னியப்பன் ரோட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தனகோட்டி, வெதச்சது போக மிச்சம் இருந்தா ஒரு படி எனக்கு எடுத்து வையி. இந்த வாட்டி மல்லாட்ட போடல."